பழைய ஈஸி சேர் வாங்கப் போறியளா? முதல்ல கவுத்துப் போட்டுப் பாருங்க

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பழைய வீடு இடிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைன்னு எங்க போனாலும் எங்கயாவது ஒரு வீட்டுல ஓட்டைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க, அந்த வீட்டு வாசப்பக்கத் தார்சாவுல கிடந்த ஈஸி சேரு, கூடத்துப் பட்டாசல்ல கிடந்த கை வச்ச பிரம்பு நாற்காலி எல்லாம் கதவு நிலையோட சேத்து மொத்தமா மர விலைக்குப் போயிரும். அதே சேரைக் கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தர் பாலிஷ் போட்டு போட்டோ எடுத்து 'ஆன்டிக்'னு ஏத்துவாரு, விலையைக் கேட்டா அந்தச் சேர்லயே சாயணும் போல இருக்கும். நடுவுல அப்படி என்ன வேலை நடந்துச்சு, அதை நாமளே செஞ்சுக்க முடியாதான்னு கேக்கறவங்களுக்குத்தான் இதை எழுதுதேன்.

முதல்லயே ஒண்ணைச் சொல்லிருதேன். பழைய நாற்காலிக்கு உயிர் கட்டையிலயும் மூட்டுலயும்தான் இருக்கு. பிரம்பு, கேன்வாஸ் துணி, பாலிஷ் மூணும் சட்டை மாதிரி, கிழிஞ்சா மாத்திக்கலாம், மாத்துறதுக்குன்னே அப்படிச் செஞ்சும் வச்சிருக்காங்க. இப்ப வர்ற சோபாவுல ஸ்பாஞ்ச் அமுங்கிப் போச்சுன்னா உள்ள என்ன கட்டை இருக்குன்னு பாத்தா பாதி பிளைவுட்டும் பேக்கிங் பலகையும்தான், பிரிச்சா திருப்பிச் சேக்க முடியாது. நூறு வருஷம் முன்னாடி ஒரு ஆசாரி செஞ்ச சேரை இன்னைக்கு இன்னொரு ஆசாரி அக்கக்காப் பிரிச்சு திரும்ப மாட்டிருவாரு. இந்தச் சேரு மேல ஜனங்களுக்கு இன்னும் ஆசை விடாம இருக்கறதுக்கு பாதிக் காரணம் இதுதான்னு நான் நெனைக்கேன், மீதிக் காரணம் மத்தியானம் சாப்பிட்டுட்டு அதுல சாஞ்சவங்களுக்குத் தெரியும்.

உங்ககிட்ட இருக்கறது என்ன சேருன்னு தெரிஞ்சுக்கிடுங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் சிக்குறது ரெண்டு மூணு ரகம்தான். துணி போட்ட மடக்கு ஈஸி சேரு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு சட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, பின்னாடி ஒரு கட்டை பல்லு பல்லா வெட்டுன இடத்துல போய் உக்காரும், எந்தப் பல்லுல வைக்கிறோமோ அந்த அளவுக்குச் சாயும். இங்கிலாந்துல கப்பல் மேல்தளத்துலயும் கடற்கரையிலயும் போட்ட டெக் சேரோட சொந்தக்காரன்தான் இது, அங்க 1886ல ஒருத்தர் மடக்கு நாற்காலிக்கு பேடண்ட் எடுத்து வச்சிருக்காரு. நம்ம ஆளுங்க அதைத் தேக்குல செஞ்சு, கை வச்சு, சில வீட்டுல டம்ளர் வைக்கறதுக்கு கையிலயே ஒரு வட்டம் குடைஞ்சு தாத்தாமாருக்குன்னே ஆக்கிட்டாங்க.

அடுத்தது நீளக் கை வச்ச பிளான்டர் சேரு. கை முன்னாடி ரொம்ப நீளமா போகும், இல்லைன்னா கைக்கு அடியில இருந்து ஒரு பலகை விசிறி மாதிரி வெளிய திரும்பி வரும், ரெண்டு காலையும் தூக்கி அது மேல போட்டுக்கிடலாம். தோட்டத்துல பகல் பூரா பூட்ஸ் போட்டு நடந்த துரைமாரு சாயங்காலம் பங்களா வராந்தாவுல காலை நீட்டறதுக்கு வந்த சாமான் இது. நம்ம பக்கம் மலைத் தோட்டம்னா மாஞ்சோலைதான், சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி 1929ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த இடம், அந்த மாதிரி பங்களாவுக்குன்னே அளவெடுத்து வச்ச சேரு இது. குத்தாலத்துல சீசனுக்கு வந்து தங்குன வெள்ளைக்காரங்க பங்களாவுக்கும் இதே கதைதான். ஆனா யாராவது "சார் இது மாஞ்சோலை பங்களா சேரு"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதிய. நம்ம ஜில்லாவுல விக்கிற எல்லா பிளான்டர் சேரும் மாஞ்சோலையில இருந்துதான் இறங்குச்சுன்னா அங்க தேயிலை நட இடமே இருந்திருக்காது.

மூணாவது, நிமிந்து உக்காருற கை வச்ச பிரம்பு நாற்காலி. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், வக்கீல் வீடு எல்லாத்துலயும் கிடந்தது. இதுக்கு நம்ம பக்கம் ஒரு நல்ல மூலம் உண்டு. மிஷனரிமாரு ஊர் ஊருக்கு ஸ்கூல் வச்சப்ப தச்சு வேலையும் சேத்துச் சொல்லிக் குடுத்தாங்க, நாசரேத்துல மர்காசியஸ் ஐயர்ங்கற பாதிரியார் ஆரம்பிச்ச ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல் அதுல பேர் போனது. அந்த மாதிரி பட்டறைச் சேர்ல ஒரு பூ, ஒரு கொடி கூட இருக்காது, ஆனா மூட்டு பிசகாது, நான் என்னமோ செதுக்கு வேலை நிறைஞ்ச ஜமீன் சேரை விட இந்த மொட்டைச் சேரைத்தான் வாங்குவேன். செதுக்குன சேர்ல தூசி துடைக்கறதுக்கே ஒரு ஆள் வேணும்.

இதுபோக வட்டமா வளைச்ச கட்டையில செஞ்ச லேசான சேரு எப்பவாவது சிக்கும். அது ஜெர்மனியில பிறந்து ஆஸ்திரியாவுல தொழில் பண்ண மைக்கேல் தோனட்டு கொண்டு வந்த வித்தை, பீச் மரத்தை நீராவியில வேகவச்சு வளைப்பாங்க, 1859ல வந்த அவரோட 14ம் நம்பர் நாற்காலிதான் உலகம் பூரா காபி கடையில போனது. கழட்டி அடுக்குனா ஒரு கன மீட்டர் பெட்டிக்குள்ள 36 நாற்காலி போகும், அதனால கப்பல்ல அனுப்பறது சுலபம். நம்ம வெயிலுக்கும் பூச்சிக்கும் பீச் மரம் அவ்வளவா தாங்காது, அதனால முழுசா சிக்குனா அதிர்ஷ்டம்னு வச்சுக்கிடுங்க.

இந்த இடத்துல கொஞ்சம் வரலாறு பேசிருவோம், ஏன்னா இது தெரிஞ்சா கடைக்காரர் விடுற கதையில பாதி வடிஞ்சிரும். நமக்கு முன்னாடி திண்ணை, பாய், பலகை, ஊஞ்சல், கயித்துக் கட்டில் இவ்வளவுதான், கை வச்ச நாற்காலிங்கறது ராஜாவுக்கும் சாமிக்கும்தான். சாதாரண வீட்டுக்கு நாற்காலி வந்தது கடல் வழியாத்தான். தூத்துக்குடியில போர்ச்சுகீசு இருந்தான், 1658ல டச்சுக்காரன் பிடிச்சான், அவனுக்கு அப்புறம் இங்கிலீஷ்காரன். அவங்க கொண்டு வந்த மாடலைப் பாத்து சோழமண்டலக் கரையிலயும் இலங்கையிலயும் நம்ம தச்சருங்க கருங்காலியில செதுக்கிச் செஞ்ச நாற்காலியெல்லாம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போச்சு. இதுல ஒரு வேடிக்கை. 18ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஹொரேஸ் வால்போல்னு ஒரு பெரிய மனுஷன், பழைய சாமான் சேக்கறதுல கெட்டிக்காரர்னு பேரு, அவரு இந்தக் கருங்காலி நாற்காலிகளை 'எங்க டியூடர் ராஜா காலத்துச் சாமான்'னு நம்பி வாங்கி ஸ்ட்ராபெரி ஹில்லுங்கற தன் மாளிகையில வரிசையா போட்டிருந்தாரு. கடைசியில பாத்தா அதெல்லாம் 17ம் நூற்றாண்டுல நம்ம கரையோரத்துல செஞ்சது. வால்போலுக்கே அந்தக் கதின்னா ஹைவே ஓரம் பழைய மரக்கடையில நிக்கிற நம்ம எம்மாத்திரம்.

பிரம்பும் அப்படித்தான் ஊர் சுத்துன சாமான். பிரம்பு தென்கிழக்காசியக் காட்டுல இருந்து கப்பல்ல லண்டனுக்கு 1660களுக்கு அப்புறம் நிறைய போச்சு, அங்க பிரம்பு பின்ன நாற்காலி ஃபேஷன் ஆச்சு, லேசு, விலை கம்மி, துணி மாதிரி அந்துப்பூச்சி அடையாது. அப்புறம் அங்க மெத்தை வச்ச சேர் வந்து பிரம்பைத் தள்ளிருச்சு. குளிர் நாடு இல்லையா, தலைக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி இறக்கை வச்ச சேர் எல்லாம் அடுப்புச் சூடு போகாம, குளிர் காத்து காதுல அடிக்காம இருக்கத்தான். நமக்கு அது எதுக்கு? சித்திரை வெயில்ல திருநெல்வேலியில வெல்வெட்டு மெத்தைச் சேர்ல உக்காந்து எந்திரிச்சா முதுகுல சட்டை ஒட்டிக்கிட்டு வரும். அதனால இங்க வந்த வெள்ளைக்காரனும் மெத்தையை விட்டுட்டு பிரம்புக்கே திரும்பிட்டான். சாய்மானத்தை நாமளே கூட்டிக் குறைக்கிற வேலை அங்கயும் உண்டு, 1860கள்ல லண்டன்ல மாரிஸ் கம்பெனி போட்ட மாரிஸ் சேர்ல பின்னாடி ஒரு குறுக்குக் கம்பியை மாத்தி மாத்தி வச்சா சாய்மானம் மாறும், நம்ம ஈஸி சேர் பல்லோட அதே புத்திதான்.

சரி, வாங்கப் போறதுக்கு வருவோம். எங்க தேடலாம்னா, வீடு இடிச்ச சாமான் விக்கிற மரக்கடைதான் முதல்ல. அப்புறம் அரசு ஆபீஸ், ரயில்வே, பெரிய ஸ்கூல்ல கழிச்சுப் போட்ட சாமானை ஏலம் விடுவாங்க, நோட்டீஸ் போர்டைப் பாக்கணும், மொத்தமா எடுக்கச் சொல்லுவாங்க, நாலு பேரு சேந்து எடுக்கறது நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல எல்லாம் கிடைக்கும், கொச்சி மட்டாஞ்சேரியிலயும் கிடைக்கும், ஆனா அங்க நீங்க போய் நிக்கிறதுக்கு முன்னாடியே விலை ஏறி உக்காந்திருக்கும். எல்லாத்தையும் விட மேல், உங்க சித்தப்பா பெரியப்பா வீட்டு மச்சுல என்ன கிடக்குன்னு ஒரு நடை ஏறிப் பாக்கறதுதான். காசு கிடையாது, ஆனா மூணு பங்காளிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டு எடுங்க, அதுவரைக்கும் அந்தச் சேரை யாரும் நெனச்சிருக்கவே மாட்டாங்க, நீங்க தூக்குன அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தாத்தா ஞாபகம் வரும்.

சேரைப் பாத்ததும் உக்காராதிய, கவுத்துப் போடுங்க. மேல்பக்கம் பாலிஷ் பேசும், அடிப்பக்கம்தான் உண்மை பேசும். பகல் வெளிச்சத்துல பாக்கணும், ட்யூப் லைட்டுல எல்லா மரமும் தேக்காத்தான் தெரியும். அடியில பாலிஷ் ஏறாத இடத்துல கட்டை என்ன கலருன்னு பாருங்க. தேக்குன்னா தேன் கலந்த பழுப்பு, நடுவுல கறுப்புக் கோடு ஓடும், உப்புத்தாள் வச்சு லேசா ஒரு இழு இழுத்தா எண்ணெய் வாசனை வரும். தோதகத்தி, அதான் ஈட்டி மரம், ஊதா கலந்த கறுப்பா இருக்கும், சேரைத் தூக்குனாலே கனத்துல தெரிஞ்சிரும். பலா மரம் புதுசுல மஞ்சளா இருந்து வருஷம் ஆக ஆக செம்பழுப்பு ஆகும், கேரளாப் பக்கம் இருந்து வந்த சேர்ல நிறைய பாக்கலாம். பூவரசும் வேம்பும் ஊர் ஆசாரி செஞ்ச சேர்ல வரும், அதைக் கேவலமா நெனைக்காதிய. மேல கறுப்பா, அடியில வெளுத்த மரமா இருந்தா சாயம் அடிச்ச கட்டை, விலையைப் பாதியா கேக்கலாம்.

அப்புறம் வெள்ளையைத் தேடுங்க. தேக்கு, ஈட்டி மாதிரி நல்ல மரத்துல வைரம் பாஞ்ச உள்கட்டையைப் பூச்சி சீக்கிரம் தொடாது, வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டைதான் உளுத்துப் போகும். குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா சேரைத் தூக்கி தரையில ரெண்டு தட்டு தட்டுங்க. மாவு மாதிரி புதுசா கொட்டுச்சுன்னா உள்ள பூச்சி இன்னும் உயிரோட இருக்கு. ஓட்டை மட்டும் இருந்து மாவு வரலைன்னா பழைய கதை, பயப்பட வேண்டாம். கால் நுனியை நகத்தால குத்திப் பாருங்க, வருஷக்கணக்கா ஈரத்துணி போட்டுத் தரை துடைச்ச வீட்டுச் சேர்ல அடி நுனி இத்துப் போயி அதை யாராவது அறுத்திருப்பாங்க. நாலு காலும் ஒரே அளவா குட்டையா இருக்கும், பாக்க ஒண்ணும் தெரியாது, உக்காந்தா முழங்கால் மூக்குக்கு நேரா வரும்.

மூட்டைப் பாக்கறதுக்கு ஒரு எளிய வழி, ரெண்டு கையையும் பிடிச்சு குறுக்கு மறுக்கா ஒரு முறுக்கு முறுக்குங்க. கீச்சுன்னு சத்தம் வந்து லேசா ஆடுனா பசை விட்டிருக்கு, அது வேலைதான், பெருசா ஒண்ணும் இல்ல. சத்தமே இல்லாம ஒரு பக்கம் தொளதொளன்னு சாஞ்சா உள்ள நாக்கு, அதான் ஒரு கட்டை இன்னொரு கட்டைக்குள்ள நுழையற முனை, உடைஞ்சிருக்கு, அது பெரிய வேலை. மூட்டு மேல இரும்புப் பட்டை, தகடு, பெரிய போல்ட்டு எல்லாம் வச்சு இறுக்கியிருந்தா ஏற்கனவே யாரோ கோட்டித்தனம் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அதைக் கழட்டிப் பாக்காம விலை பேசாதிய.

வயசு கண்டுபிடிக்கிறதுல நெட்டுல வர்ற வெள்ளைக்காரங்க குறிப்பு எல்லாம் நமக்கு அப்படியே செல்லாது. கை ரம்பத் தடம் இருந்தா ரொம்பப் பழசுன்னு அங்க சொல்லுவாங்க, நம்ம ஊர்ல மெஷின் ரம்பம் வந்ததுக்கு அப்புறமும் ரொம்ப நாள் மேல ஒரு ஆளு கீழ ஒரு ஆளு நின்னு கையாலதான் மரம் அறுத்தாங்க, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஸ்குரு கொஞ்சம் உதவும். ஸ்டார் ஸ்குரு 1930களுக்கு முன்னாடி கிடையவே கிடையாது, அதனால மூலக்கட்டையிலயே ஸ்டார் ஸ்குரு இருந்து கடைக்காரர் 150 வருஷம்னு சொன்னா சிரிச்சுட்டு வந்திரலாம், ஆனா பின்னாடி ரிப்பேர்ல போட்டதாவும் இருக்கலாம், பழைய ஓட்டை பக்கத்துல இருக்கான்னு பாத்துக்கிடுங்க. கடைஞ்ச உருண்டைக் கால் இருந்தா தடிமன் அளக்கிற காலிப்பர் வச்சு ரெண்டு பக்கமா அளந்து பாருங்க, மரம் வளையத்தோட போக்குல சுருங்குற அளவுக்கு நடுவுல இருந்து வெளிய போற வாக்குல சுருங்காது, அதனால பழைய உருண்டைக் கால் லேசா முட்டை வடிவம் ஆகியிருக்கும். தேய்மானமும் சொல்லும். கை நுனி, முன்பக்கக் குறுக்குச் சட்டம், பின்னங்கால் இங்கதான் தேயணும். கையே படாத இடத்துலயும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா அது உப்புத்தாள் தேச்ச வயசு. 100 வருஷம் தாண்டுனாத்தான் ஆன்டிக்குன்னு பொதுவா ஒரு கணக்கு, அதுக்குக் கீழ எல்லாம் விண்டேஜ்னு சொல்லிக்கிடுவாங்க, உக்காருறதுக்கு வாங்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

வாங்கியாச்சுன்னா நேரா வீட்டுக்குள்ள கொண்டு போகாதிய. மூட்டைப்பூச்சி! பழைய ஆபீஸ் பிரம்பு நாற்காலியில உக்காந்தவங்களுக்கு நான் விளக்கணும்னு இல்ல. பிரம்பு நுழையற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் குடும்பம் நடத்திட்டிருக்கும், கறுப்புப் புள்ளி புள்ளியா கறை இருந்தா அதுதான் அடையாளம். எப்படியும் பின்னல் மாத்தப் போறியன்னா வெளியிலயே வச்சு பிரம்பை அறுத்து எடுத்து எரிச்சிருங்க, கட்டை ஓட்டைக்குள்ள கொதிக்கிற தண்ணியை சிரிஞ்சுல விடுங்க, ரெண்டு நாள் காய விடுங்க. நேர் வெயில்ல நாள் பூரா போடாதிய, பழைய கட்டை விரிசல் விடும், புங்க மரத்து நிழல் போதும். உளுத்த ஓட்டைக்கு கரையான் மருந்தை ஊசியில ஏத்தி மேல மெழுகு வச்சு அடைச்சிரலாம், கை உறை போட்டுக்கிட்டு செய்யுங்க.

சுத்தம் பண்றதுல எல்லாரும் அவசரப்படுதாங்க. மெஷின் உப்புத்தாளைப் போட்டு பளபளன்னு இழைச்சிட்டா நூறு வருஷ நிறம் பத்து நிமிஷத்துல போயிரும், திரும்ப வராது. முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு, நல்லாப் பிழிஞ்ச துணி, பைய துடைக்கணும். உடனே காஞ்ச துணி. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் கொஞ்சம் டர்பன்டைன்ல போகும். பாதி சேருக்கு இதுக்கு மேல ஒண்ணுமே வேண்டாம், மெழுகு போட்டுத் தேச்சா போதும்.

பழைய பாலிஷ் என்னதுன்னு தெரியணும்னா மறைவான இடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு கரைஞ்சு பஞ்சுல பழுப்பு ஏறுச்சுன்னா அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டுல அரக்கைக் கரைச்சு துணிப் பொட்டணத்தால வட்டம் வட்டமா தேச்சு ஏத்துறது, நம்ம ஆளுங்க பிரெஞ்ச் பாலிஷ்னு சொல்றது. இது இருந்தா கொண்டாடுங்க, ஏன்னா இதைச் சுரண்டவே வேண்டாம், பழையது மேலயே புது அரக்கு கலந்துக்கிடும். சூடான காபி டம்ளர் வச்சா வெள்ளை வளையம் விழும், அது ஒண்ணுதான் குறை. ஸ்பிரிட்டுக்குக் கரையலைன்னா வார்னிஷோ பின்னாடி அடிச்சதோ இருக்கும், அதை எடுக்கறது தனி வேலை. இதுல ஒரு அபிப்பிராயம், பழைய சேருக்கு கண்ணாடி மாதிரி மின்னுற பியூ கோட்டிங், அதான் பாலியூரிதேன், அடிக்கவே கூடாது, அடிச்சா அடுத்த தடவை ரிப்பேர் பண்றவன் உங்களைத் திட்டுவான்.

ஆடுற மூட்டுக்கு ஆணி அடிக்காதிய. ஆணி அடிச்சா அன்னைக்கு நிக்கும், ரெண்டு வருஷத்துல துரு ஏறி கட்டை கறுத்து, நாக்கு பிளந்து, அப்புறம் அந்தச் சட்டத்தையே மாத்தணும். பழைய சேர்ல பசை வச்சிரம், மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கறது, அதுக்கு ஒரு பெரிய புண்ணியம் உண்டு, வெந்நீரும் சூடும் பட்டா விட்டுக்குடுத்திரும். மூட்டைச் சுத்தி வெந்நீர்த் துணியைச் சுத்தி கொஞ்ச நேரம் வச்சிட்டு, ரப்பர் சுத்தியல்ல உள்பக்கமா இருந்து பைய தட்டுனா கழண்டு வரும். சில சேர்ல மூட்டுக்குக் குறுக்க மர ஆணி இருக்கும், அதை முதல்ல பின்னாடி இருந்து தட்டி எடுக்கணும், எடுக்காம இழுத்தா நாக்கு உடையும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டுலயும் பென்சில்ல நம்பர் போட்டு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, நாலு காலும் ஒண்ணு போலத்தான் தெரியும் ஆனா ஒண்ணு இடத்துல இன்னொண்ணு உக்காராது.

பழைய பசையை உளியால சுரண்டி சுத்தமா எடுக்கணும், பழைய பசை மேல ஃபெவிகால் பிடிக்கவே பிடிக்காது. நாக்கு தேஞ்சு லூசா இருந்தா இழைப்புளியில வர்ற மெல்லிசு சீவலை ரெண்டு பக்கமும் ஒட்டி கனம் ஏத்துங்க. ஒட்டுனதும் இறுக்கணும், கிளாம்ப் இல்லைன்னா கவலைப்படாதிய, நாலு காலையும் சுத்தி ரெண்டு சுத்து கயிறு கட்டி நடுவுல ஒரு குச்சியைச் செருகி முறுக்குனா போதும், ஆசாரிமாரு அப்படித்தான் செய்வாங்க. கயிறு பதியற இடத்துல பழைய துணி வைங்க. இறுக்குன உடனே சமமான தரையில வச்சு நாலு காலும் படியுதான்னு பாருங்க, பசை காஞ்சப்புறம் கண்டுபிடிச்சா ஒண்ணும் செய்ய முடியாது, கடைசியில கால் நுனியை அறுக்கச் சொல்லும். ஒரு நாள் பூரா தொடாதிய. நாக்கு உடைஞ்ச கேஸ், கை வளைவு பிளந்த கேஸ் எல்லாம் ஆசாரிகிட்ட குடுத்திருங்க. பிளைவுட், மைக்கா வேலை மட்டும் செய்யற ஆளுகிட்ட வேண்டாம், "அண்ணாச்சி, வச்சிரம் காய்ச்சி வேலை பாத்திருக்கியளா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா முகத்துலயே பதில் தெரிஞ்சிரும்.

இனி பிரம்பு. முதல்ல சட்டத்தைப் பாருங்க, ஓரம் பூரா வரிசையா ஓட்டை இருந்தா கைப்பின்னல், ஓட்டை இல்லாம சுத்தி ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டியிருந்தா ரெடிமேட் பின்னல் ஷீட். ஷீட்டு வேலை லேசு, வாய்க்கால்ல அடிச்சிருக்கிற பழைய பிரம்புக் கம்பியை உளியால எடுத்துட்டு, புது ஷீட்டை ஊறவச்சு விரிச்சு வாய்க்காலுக்குள்ள தள்ளி, பசை விட்டு, மேல புதுக் கம்பியை அடிச்சா முடிஞ்சது. கைப்பின்னல் பொறுமைக்காரங்களுக்கு. பிரம்புப் பட்டையை பச்சத் தண்ணியில கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஊறவைங்க, மணிக்கணக்கா ஊறுனா நிறம் மங்கும். வழுவழுப்பான பக்கம் எப்பவும் மேல. நடு ஓட்டையில ஆரம்பிச்சு முன்ன பின்ன நேரா ஒரு தடவை ஓட்டணும், அது மேல இடம் வலமா ஒரு தடவை, திரும்ப முன்ன பின்ன இன்னொரு தடவை, இது வரைக்கும் பின்னல் இல்ல, சும்மா அடுக்குதான். நாலாவதா இடம் வலமா போறப்பத்தான் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு பின்னல் விழும், அந்த நேரத்துல ரெண்டு ரெண்டு பட்டையையும் நெருக்கி ஜோடி சேக்கணும். அப்புறம் குறுக்குச் சாய்வா ஒரு தடவை, எதிர்ச் சாய்வா ஒரு தடவை, அப்ப அந்த எட்டு மூலை ஓட்டை பளிச்சுன்னு தெரியும். ஒவ்வொரு ஓட்டையிலயும் தற்காலிகமா ஒரு முளைக்குச்சி செருகி இழுவையைப் பிடிச்சுக்கிடணும், ரொம்ப இறுக்கி இழுக்காதிய, காயக் காய தானா இறுகும், ஈரத்துல தம்பூரா கணக்கா இருந்தா காஞ்சதும் தெறிச்சிரும். கடைசியில ஓரத்துல ஓட்டையெல்லாம் மறையற மாதிரி ஒரு அகலப் பட்டை வச்சுக் கட்டுவாங்க.

இந்த வேலையில பார்வையில்லாதவங்க எத்தனையோ பேரு பெரிய கெட்டிக்காரங்க, அரசு ஆபீஸ்ல சேர் பின்றதுக்குன்னே அவங்களை வேலைக்கு எடுத்த காலம் உண்டு, விரல் நுனியிலயே இழுவையைக் கண்டுபிடிச்சிருவாங்க. உங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா அவருகிட்ட குடுங்க, பேரம் பேசாதிய. மலிவா முடியணும்னு பிளாஸ்டிக் வயர் போடச் சொல்லுவாங்க, உழைக்கும், ஒத்துக்கிடுதேன், ஆனா முதுகு வேர்க்கும், பிரம்பு சேரு வாங்குனதோட அர்த்தமே போயிரும்.

பழைய பிரம்பு கிழியாம தொங்கி மட்டும் போயிருந்தா மாத்தவே வேண்டாம். சேரைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கத்துல ஈரத்துணியை ஒரு அரை மணி நேரம் போட்டு வைங்க, மேல்பக்கம் தண்ணி ஏறாது, அடிப்பக்கம்தான் குடிக்கும். ராத்திரி பூரா நிழல்ல காயவிட்டா காலையில இறுகி நிக்கும். பின்னல் மேல ஏறி நின்னு பேன் துடைக்கிற பழக்கம் இருந்தா இது எதுவும் உதவாது.

துணி ஈஸி சேருக்கு வேலை கம்மி. பழைய துணியை அளவுக்கு வச்சுக்கிட்டு தடிச்ச கேன்வாஸ் வாங்குங்க, சட்டைத் துணி, பெட்ஷீட் துணி ஆகாது. ரெண்டு நுனியிலயும் கம்பு நுழையற அளவுக்கு மடிச்சு மூணு வரிசை தையல், சாதா மெஷின் ஊசி உடையும், பை தைக்கிறவங்ககிட்ட குடுத்தா தைச்சுத் தருவாங்க. தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சுக் காயப் போட்டிருங்க, பின்னாடி சுருங்கும். துணி நீளத்துல நாலு விரல் கூடுனா இடுப்பு குழியில விழுந்து எந்திரிக்க ஆள் தேடணும், குறைஞ்சா சாய்மானம் விறைப்பா நிக்கும், அதனால முதல்ல ஓரத்துல ஊசி குத்தி வச்சு உக்காந்து பாத்துட்டு அப்புறம் தைக்கச் சொல்லுங்க. மெத்து வேணும்னா மேல ஒரு பத்தமடைப் பாயை விரிச்சுக்கிடலாம், கோரை உடம்புக்குக் குளுமை.

இதுல ஒரு எச்சரிக்கை. பின்கட்டை பல்லுல சரியா உக்காந்திருக்கான்னு கையால அமுக்கிப் பாத்துட்டு உக்காருங்க, உக்காந்துக்கிட்டே பின்னாடி கையை விட்டு பல்லு மாத்தாதிய. மடக்கும்போது சட்டம் ரெண்டும் சேர்ற இடத்துல விரல் மாட்டுனா நகம் போயிரும், சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல வேலை இல்லாத நேரம் மடக்கி சுவர்ல சாத்தாம, படுக்க வச்சிருங்க.

வயசானவங்களுக்கு வாங்கறியன்னா இன்னும் ஒண்ணு, பிளான்டர் சேரு ஆசையா இருக்கும், ஆனா ஆசனம் தாழ்வு, பின்பக்கம் சரிவு, முழங்கால் வலி இருக்கிற ஆச்சியால அதுல இருந்து தனியா எந்திரிக்க முடியாது. அவங்களுக்கு கை உறுதியா இருக்கற நிமிந்த பிரம்பு சேருதான் சரி, கை நுனியைப் பிடிச்சு உந்தி எழும்பலாம்.

எங்க போடலாம்னா, வெளிச் சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி, ஏசிக்கு நேரா இல்லாம. ஏசி காத்து பிரம்பை மொறுமொறுன்னு காய வச்சிரும். மழைக்காலத்துல காலுக்கு அடியில சின்ன ரப்பர் வில்லை ஒட்டிருங்க, தரை ஈரம் ஏறாது. வருஷத்துக்கு ஒரு தடவை தேன்மெழுகு, அவ்வளவுதான் பராமரிப்பு.

துபாய்லயோ அமெரிக்காவுலயோ இருக்கிற மகன் "அந்தச் சேரை எனக்கு அனுப்பி வைங்கப்பா"ன்னு கேட்டா மட்டும் அவசரப்பட்டு பார்சல் போட்டிராதிய. 1972ம் வருஷச் சட்டப்படி 100 வருஷம் தாண்டுன கலை, கைவினைச் சாமானை தனி ஆளுங்க நாட்டை விட்டு வெளிய அனுப்ப முடியாது, பழசு இல்லைன்னா இல்லைன்னு தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கணும். ஈட்டி மரச் சேருன்னா அதுக்கு மேல வனத்துறை சமாச்சாரமும் இருக்கு, அந்த இனம் பூராவும் 2017ல இருந்து சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுல வந்திருச்சு. லீவுக்கு வரும்போது வந்து உக்காந்துட்டுப் போகச் சொல்லுங்க.